மாமர வித்தை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப் பகுதிகளிலிருந்து திருவனந்தபுரத்தைக் கடந்து வடக்கே சென்றால் கழக்கூட்டம் வரும். மாயவித்தையைக் கருப்பொருளாகக் கொண்ட ‘மேஜிக் பிளானட்’ என்னும் பூங்கா 2014ஆம் ஆண்டு அங்குத் திறக்கப்பட்டது. அதனை உருவாக்கியவர் மாயவித்தைக் கலைஞர் கோபிநாத் முதுகாடு. தெருவோரத்தில் வித்தை காட்டிப் பிழைத்த கலைஞர்களுக்கு அங்கு மேடை கிடைத்தது.

தெருவித்தைகளுள் புகழ்பெற்றது மாமர வித்தை. மாங்கொட்டையை மண்ணில் புதைத்துத் துணியால் மூடுவர். துணியை விலக்கினால் கன்று நிற்கும். மீண்டும் மூடி விலக்கினால் காய் தொங்கும்! குழந்தை அதனை அப்படியே நம்பிவிடும். பதினைந்து வயது மாணவரோ, இதில் ஏதோ தந்திரம் உண்டென்று அறிவார்; அதனைக் கண்டுபிடிக்கக் கலைஞரின் கைகளையே உற்று நோக்குவார். பெரும்பாலும் தோற்றுப்போவார். மனித மூளையால் ஒரே நேரத்தில் சிலவற்றையே கூர்ந்து கவனிக்க இயலும். கலைஞர் தம் பேச்சாலும் பார்வையாலும் நம் கவனத்தை வேறிடத்திற்குத் திருப்பிவிடுகிறார். உளவியல் அறிஞர்களும் இதனை ஆராய்ந்து வருகின்றனர்.

வயது ஏறினால் வியப்பு குறையும் என்பர் சிலர். அது முழு உண்மையன்று. முன்பு மரத்தைக் கண்டு வியந்தவர், இப்போது தம் கண்முன் நடந்ததைத் தாமே காணாதது எவ்வாறு என்று வியக்கிறார். அடுத்த காட்சிக்கு முன்வரிசையில் இடம் தேடுகிறார்.