அடக்க ஆராதனைத் தாளில் பிறந்த தேதி எதற்கு?

இன்று காலையில் இறப்பு, நாளை பிற்பகல் அடக்க ஆராதனை. இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் யாரோ ஒருவர் டிடிபி கடையில் உட்கார்ந்து நான்கு பக்கத் தாளை முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முகப்பில் படம், அதன் கீழே ஒருபுறம் பிறந்த தேதி, மறுபுறம் கர்த்தருக்குள் நித்திரையடைந்த தேதி. உள்ளே பாமாலை எண்கள், வேதபாடம், செய்தி தரும் ஆயரின் பெயர். கடைசிப் பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு, வீட்டு முகவரி, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற விவரம், அவர்களுடைய கைப்பேசி எண்கள். அச்சாகி வருவதற்குள் அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் பல குழுக்களைத் தாண்டிவிடுகிறது. அந்தத் தாள் ஆராதனைக்கு உதவட்டும், இறந்தவரை நினைவுகூரட்டும். அவருடைய அடையாள விவரங்களை அதில் அச்சிடக் கூடாது.

வங்கிக்கு போன் செய்தால் நம்மை உறுதிப்படுத்த என்ன கேட்கிறார்கள்? பிறந்த தேதி, முகவரி, தாயார் பெயர், பதிவு செய்த கைப்பேசி எண். வாழ்க்கைக் குறிப்பில் இவற்றில் பாதி இருக்கிறது. குடும்பம் தெரிவிக்கும்வரை இறந்தவரின் கணக்கும் ஏடிஎம் கார்டும் சிம்மும் உயிரோடுதான் இருக்கும். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், "சார் ஓய்வுபெற்ற அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், பென்ஷன் பாக்கி வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் அம்மா" என்று ஒரு குரல் கேட்டால், பெயர், தேதி, பதவி எல்லாம் சரியாக இருக்கும்போது துக்கத்தில் இருப்பவர் எப்படிச் சந்தேகப்படுவார்? எந்த நேரத்தில் வீட்டில் ஆளிருக்காது என்பதையும் அதே தாள் சொல்லிவிடுகிறது.

பிறகு சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, சொத்தைப்போல வாரிசுகளுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல், ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில் சொன்னது. பண இழப்பிலும் அப்படித்தான். வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஆனால் ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் தலையில்தான்.

கல்லறையிலும்தானே தேதி பொறிக்கிறோம் என்று கேட்கலாம். கல்லறைக் கல்லைப் பார்க்க ஒருவர் அங்கே போக வேண்டும். பிடிஎஃப் தானாகவே ஆயிரம் கைகளுக்குப் போகும். 1948 – 2025 என்று ஆண்டுகள் மட்டும் போட்டால் நினைவுக்கு என்ன குறைந்துவிடும்? துக்கம் விசாரிக்க எண் வேண்டும் என்பது நியாயம்தான். இறந்தவரின் எண்ணோ அவர் துணையின் எண்ணோ வேண்டாம், நிதானமாகப் பேசக்கூடிய ஒரு உறவினரின் எண் போதும். இன்னொரு பயமும் குடும்பங்களில் உண்டு: தாளில் பெயர் விட்டுப்போனால் சொத்தில் பங்கு போய்விடுமோ என்பது. போகாது. வாரிசுச் சான்றிதழ் தருவது வட்டாட்சியர், அச்சகம் அல்ல. பெயர் இருப்பதால் உரிமை வருவதில்லை, இல்லாததால் போவதும் இல்லை. ஆகவே அந்தப் பயத்துக்காகப் பேரன் பேத்திவரை முழுப் பெயரும் ஊரும் வேலையும் அடுக்க வேண்டியதில்லை.

ப்ரூஃப் வந்ததும், அழுது களைத்த வீட்டார் அல்லாத ஒருவரிடம் கொடுத்து, முன்பின் தெரியாதவன் கண்ணால் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் வரட்டும் என்று காத்திராமல் வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, கார்டையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். சிம்மை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லிவிட்டு 1930-ஐ அழையுங்கள்.