வால்வு செட்டை அணைப்பதா, ஓடவிடுவதா?

ஒடுகத்தூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் மைக் செட்காரனுக்குத் தூக்கம் போச்சு. பகலெல்லாம் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி கூத்து. முகவீணை அடங்குவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டமெல்லாம் வராத காலம் அது. நான் தொழில் பழகியது வால்வு செட்டில். இரண்டு பெரிய வால்வு, மூன்று சின்ன வால்வு, தூக்கினால் தோள்பட்டை இறங்கும் டிரான்ஸ்பார்மர்.

டிரான்சிஸ்டர் செட் வந்ததும் வால்வைப் பரணில் போட்டோம். இப்போது கிதார் வாசிக்கும் பிள்ளைகள் அதையே தேடுகிறார்கள். ஒலியைக் கூட்டும்போது டிரான்சிஸ்டர் ஒரு எல்லையில் பட்டென்று வெட்டிக் கரகரக்கும். வால்வு மெல்லப் பிசிறும், அந்தப் பிசிறுதான் அவர்களுக்கு இசை. ஆலயத்தில் வாசிக்கும் ஒரு பையன் அப்படியொரு ஆம்ப் வாங்கிவந்து, "மாமா, இத்த ரொம்ப நேரம் ஆன்லயே வுட்டா கெட்டுப்பூடுமா?" என்றான்.

விட்டால் அன்றைக்கே கெடாது. ஆனால் ஆயுள் கழிந்துகொண்டே இருக்கும், நீ வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும்.

காரணம் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறது. நடுவில் சிவப்பாய்த் தெரிகிறதே, அது ஹீட்டர். 6.3 வோல்ட்டில் எரியும். அதைச் சுற்றியுள்ள சிறு குழல் கேத்தோடு; அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு பூச்சு. எழுநூறு டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, 400 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உள்ள வெளித்தட்டுக்குப் பாயும். பூச்சு தீர்ந்தால் வால்வு முடிந்தது. லாரிக்கு டயர் எப்படியோ, ஆம்புக்கு வால்வு அப்படி: தேயத்தான் செய்யும், மாற்றத்தான் வேண்டும். ஓட்டுவதா வேண்டாமா என்று அதற்காக யோசிப்பதில்லை.

பவர் வால்வு சுமார் 2,000 மணி நேரம் நல்லபடி உழைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். செட்டுக்குச் செட்டு இது மாறும். ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வாசிக்கிறவனுக்கு அது ஏறக்குறைய மூன்று வருஷம். அதே செட்டை இரவு பகலாக அணைக்காமல் விட்டால் 83 நாளில் அந்தக் கணக்கு தீரும். சின்ன வால்வுகள் இதைவிடப் பல மடங்கு தாங்கும், அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

"அப்படியானால் பாட்டுக்குப் பாட்டு அணைக்கட்டுமா?" என்று கேட்பார்கள். அதுவும் கூடாது. குளிர்ந்த ஹீட்டரில் மின்சாரம் முதலில் பல மடங்கு அதிகமாகப் பாயும். சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதும் வால்வுக்குப் பெரிய அடி. அமெரிக்காவில் 1946-ல் வெளியுலகுக்குக் காட்டிய எனியாக் கணினியில் 17,000-க்கு மேல் வால்வுகள். பழுதானவற்றில் பெரும்பாலானவை போடும்போதும் அணைக்கும்போதும்தான் போயின. அதனால் அதை முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் கொலோசஸைக் கட்டிய டாமி ஃப்ளவர்ஸும் தொலைபேசித் துறை அனுபவத்தில் இதையே சொன்னார். ஆனால் அந்த வால்வுகள் இலேசாக வேலை செய்தவை. ஆம்பின் பவர் வால்வு சும்மா இருக்கும்போதே அது தாங்கும் சூட்டில் பாதிக்கு மேல் சுமந்துகொண்டிருக்கும். எனவே கணினிக்காரன் சொன்னதை அப்படியே கிதாருக்குக் கொண்டுவராதீர்கள். அரைமணி, முக்கால்மணி இடைவேளை என்றால் ஓடட்டும். சாப்பிட்டுத் தூங்கி எழுவதாக இருந்தால் அணையுங்கள்.

ஸ்டாண்ட்பை சுவிட்சை நம்பியும் பலர் மணிக்கணக்கில் விடுகிறார்கள். அது தட்டுக்குப் போகும் உயர் மின்னழுத்தத்தை மட்டும் நிறுத்துகிறது, ஹீட்டர் எரிந்தபடியே இருக்கும். மின்னோட்டமே இல்லாமல் கேத்தோடு வெறுமனே வெந்துகொண்டிருந்தால் பூச்சுக்கடியில் ஒரு தடை வளரும், வால்வு பலமிழக்கும். பழைய கணினிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். காபி குடிக்கப் போகிற நேரத்துக்கு ஸ்டாண்ட்பை போதும்.

நேரத்தைவிட நான் பயப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று வெப்பம். வால்வோடு சேர்ந்து வேகிறது, மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கண்டென்சர். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. செட்மேல் துண்டு விரிப்பது, தேங்காய் பழத் தட்டு வைப்பது, சுவரோடு ஒட்டித் தள்ளுவது எல்லாம் திருவிழாவில் சகஜம். கதகதப்புக்கு உள்ளே நுழைந்த பல்லி, வால்வு சாக்கெட்டின் இரண்டு பின்களுக்கு நடுவே கருகிக் கிடந்ததை நான் கம்பியால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

இன்னொன்று வோல்டேஜ். பம்புசெட்டெல்லாம் ஓடும்போது ஊருக்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். ஹீட்டர் மங்கும்போதும் கேத்தோடைப் பிழிந்து வேலை வாங்கினால் பூச்சு நாசமாகும். மோட்டார்கள் நின்றதும் எகிறும், அப்போது எல்லாமே கூடுதலாகச் சுடும். இப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் முதலில் ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்குங்கள்.

கண்ணால் பார்த்தே பாதி தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணாடி ஓரத்தில் நீல ஒளி இருந்தால் பயமில்லை. வெளித்தட்டே சிவந்தால் உடனே நிறுத்த வேண்டும். வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பயாஸ் தவறியிருக்கும், அல்லது கப்ளிங் கண்டென்சர் ஒழுகும். வால்வின் உச்சியில் வெள்ளிப் பூச்சு போல ஒரு திட்டு இருக்கும். அது பால்வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். செட்டின் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ஆம்ப் ஓடும்போது ஸ்பீக்கர் ஒயர் கழன்றுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயர் கழன்ற நிலையில் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிவதற்குப் பத்து மணி நேரமெல்லாம் தேவையில்லை, ஒரு பாட்டு போதும். வால்வு எங்கிருந்தாவது வரவழைத்துவிடலாம். அந்த டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்றித்தரும் ஆளைத்தான் தேட வேண்டியிருக்கும்.