கரியும் காற்றும் – 9: மேகம் போட்ட முடிச்சு

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் தொடங்கிய அளவீட்டைப் போன வாரம் பார்த்தோம். பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் கரியமில வாயு அப்போது சுமார் 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த எண்ணைப் பற்றி அறிஞர்களுக்குள் தகராறு இல்லை. அடுத்த கேள்விதான் அவர்களை நாற்பது ஆண்டுகள் வாட்டியது. தொழிற்புரட்சிக்கு முன் 280 ஆக இருந்த இந்த அளவு இருமடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடேறும்?

1979 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வுட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில், இந்தக் கேள்வியோடு ஒரு சிறு குழு கூடியது. தலைவர், வானிலையியல் அறிஞர் ஜூல் சார்னி. அவர்கள் முன் முக்கியமாக இருந்தவை இரண்டு கணினி மாதிரிகளின் முடிவுகள். பிரின்ஸ்டனில் சியுகுரோ மனாபே உருவாக்கிய மாதிரி சுமார் 2 டிகிரி என்றது. நாசாவின் ஜேம்ஸ் ஹான்சன் உருவாக்கியது சுமார் 4 என்றது. இரண்டையும் அலசிய குழு, இரு பக்கமும் அரை டிகிரி இடம்விட்டு, 1.5 முதல் 4.5 வரை என்று அறிவித்தது. 2013-இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. வெளியிட்ட அறிக்கையிலும் அதே 1.5, அதே 4.5!

இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் முடிச்சு அவிழாததற்குப் பெரும் காரணம் மேகம். கரியமில வாயு இருமடங்கானால் அதனால் மட்டும் ஏறும் வெப்பம் சுமார் 1.2 டிகிரி. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அந்த நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இதுவரை கணக்கு தெளிவு. கலிபோர்னியா, பெரு கரைகளை ஒட்டிய கடலின் மேல் தாழ்வாகப் பரந்து கிடக்கும் வெண்மேகமோ பந்தல் போட்டதுபோல் வெயிலைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது. மிக உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகம் வெயிலை உள்ளே விட்டு, தரையிலிருந்து எழும் வெப்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூமி சூடேறும்போது தாழ்மேகம் மெலியுமா, தடிக்குமா? மாதிரிகள் பூமியை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுபவை. சில நூறு மீட்டருக்குள் நடக்கும் மேகத்தின் வேலையை அவற்றால் நேரடியாகப் பார்க்க முடியாது. ஒவ்வொரு ஆய்வகமும் அதற்குத் தோராயச் சூத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டது. விடைகள் விலகியது அங்கேதான்.

செயற்கைக்கோள் பதிவுகள், கடந்த நூற்றாண்டின் வெப்ப அளவீடுகள், பனியுகத் தடயங்கள் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் முடிச்சு இளகியது. தாழ்மேகம் மெலியும், சூட்டைக் கூட்டும் என்பதற்கே சான்றுகள் வலுத்தன. 2021 ஐ.பி.சி.சி. அறிக்கை வீச்சை 2.5 முதல் 4 வரை என்று சுருக்கி, சிறந்த மதிப்பீடு 3 என்றது. அதே காலத்தில் சில புதிய மாதிரிகள் 5 டிகிரிக்கு மேல் காட்டின. அறிஞர்கள் அவற்றைக் கடந்தகால வெப்பநிலையோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை அப்படியே ஏற்க மறுத்தார்கள். பயமுறுத்தும் விடை என்பதற்காக அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. நேர்மையான விவாதம் என்றால் இதுதான்.

இந்த விவாதத்தைக் காட்டித்தான், "விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை, பொறுத்திருப்போம்" என்று சிலர் பல ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் பிடித்துக்கொண்டது 1.5 என்ற நுனியை மட்டும். 4.5-உம் அதே வரியில்தான் இருந்தது. இன்று 1.5-க்கு மேல்தான் என்பது கிட்டத்தட்ட உறுதி. 5-ஐத் தாண்டாது என்று அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை. ஐயம் இருக்கிறது என்பது அவசரத்துக்குக் காரணமே ஒழிய, தாமதத்துக்கு அல்ல. காற்றில் சேரும் கரியமில வாயுவின் ஒரு கணிசமான பகுதி நூற்றாண்டுகள் தங்குகிறது. எனவே விடை 2.5 ஆனாலும் 4 ஆனாலும், வெளியேற்றத்தை நிகர பூஜ்ஜியத்துக்கு, அதாவது காற்றில் விடுவதும் அகற்றுவதும் சமமாகும் நிலைக்குக் கொண்டுவராமல் சூடேற்றம் நிற்காது. நமக்கு இருக்கும் அவகாசம்தான் கூடும், குறையும்.

எந்த வழியில் அங்கே போவது என்பது வேறு விவாதம். ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரலில் மூடியது. நிலக்கரி நிலையங்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து நாடான பிரான்ஸோ தன் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அணு உலைகளிலிருந்து எடுக்கிறது. இரு நாடுகள் முன்னும் இருந்தது ஒரே காலநிலை அறிவியல். செலவு, விபத்து பற்றிய அச்சம், அணுக்கழிவு, வேலைவாய்ப்பு என எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை மக்கள்தான் வாதாடி முடிவு செய்ய வேண்டும். கணினி மாதிரி அதைச் சொல்லித் தராது.

ஆகவே, 'காலநிலை மாற்றத்தில் கருத்து வேறுபாடு' என்ற செய்தியைப் பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: எதில் வேறுபாடு? மேகத்தின் கணக்கிலா, அணு உலையா சூரிய ஒளியா என்பதிலா, இல்லை பூமி சூடேறுகிறதா என்பதிலேயேவா? முதல் இரண்டும் நியாயமான விவாதங்கள். மூன்றாவது முடிந்துபோன வழக்கு.

(தொடரும்)