கால் ஆற ஒரு கடல்

1972-ல் இங்கிலாந்தின் சவுத்போர்ட் ஊரில், கார் விற்று, டாக்சியும் ஓட்டிய ஜிஞ்சர் மெக்கெய்ன் என்பவர் ஒரு குதிரையைப் பயிற்சிக்கு எடுத்தார். கடற்கரையில் ஓடவிட்டால் நொண்டுது! குளம்பு எலும்பில் நோய். கடல் தண்ணீரில் நடக்க வைத்தார். வெளியே வந்தப்போ நொண்டல் இல்லை. அதுதான் ரெட் ரம். 1973, 1974, 1977 என மூணு தடவை கிராண்ட் நேஷனல் பந்தயத்தை ஜெயித்தது.

இதில் மாயம் ஒண்ணுமில்லை. குளிர்ந்த தண்ணீர் வீக்கத்தை அடக்கும். ஆழம் கூடக்கூட, உடம்பு மிதந்து கால்மேல் விழும் பாரம் குறையும். இன்று மருத்துவமனைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் டிரெட்மில் வைத்திருக்கிறார்கள். குதிரை உள்ளே நின்றதும் தண்ணீர் ஏறும், அடியில் பெல்ட் மெதுவாக ஓடும். எவ்வளவு ஆழம் என்பதை மருத்துவர்தான் முடிவு பண்ணுவார். கணுக்கால் அளவு தண்ணீர்னா, கால்களை உயர்த்தி வைத்து நடக்கும். இன்னும் ஆழம்னா பாரம் குறையும்.

நீச்சல் வேற. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை. காலுக்கு அதிர்ச்சியே இல்லை. ஆனால் குதிரை தலையைத் தூக்கி, முதுகை வளைத்து நீந்தும். முதுகு வலி உள்ளதுக்கு ஆகாது. ஆறாத புண், தையல் இருந்தாலும் தண்ணீர் கூடாது.

இதெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் பதினோரு வயது மகள். அவள் சவாரி பழகும் குதிரைக்குப் போன வருஷம் முன்னங்கால் தசைநார் கிழிந்தது. "அம்மா, அவனைக் கொன்னுடுவாங்களா?" என்று கேட்டாள். "தெரியலம்மா, டாக்டர் ஸ்கேன் பார்த்துத்தான் சொல்லுவாங்க" என்றேன். பொய் சொல்லித் தேற்ற மனசு வரலை. பல மாதம் தண்ணீர் டிரெட்மில், நடை, மறுபடி ஸ்கேன். சனிக்கிழமை தோறும் சவாரி இல்லாமலே போய் அதற்குப் பிரஷ் போட்டுவிட்டு வந்தாள். இப்போ அது நல்லா நடக்குது. தடை தாண்டுமா என்பது இன்னும் முடிவாகலை.

உங்க பிள்ளையும் குதிரையேற்றம் பழகினா, லாயத்தில் இரண்டு விஷயம் கேட்டு வைங்க. குதிரைக்கு அடிபட்டா யார் பார்ப்பாங்க? குணமாகும் வரை எங்கே வெச்சிருப்பாங்க? அதோட, தண்ணீரில் தேறின கால் தரையில் ஓடப் பழக இன்னும் நாள் பிடிக்கும். மருத்துவர் சரின்னு சொல்லும் வரை பிள்ளையை ஏறவிடாதீங்க.