மூன்றுக்கு மூன்று என்றால் வென்றது யார்?

பள்ளிக்கூடச் சிநேகிதனோடு சேர்ந்து மல்யுத்தக் கழகத்துக்குப் போகத் தொடங்கும் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜேர்மனியில் இதை 'ரிங்கன்' என்பார்கள். முதல் சுற்றுப்போட்டிக்குப் பெற்றோர் போனால் ஒரு காட்சியைக் காணக்கூடும். நேரம் முடிகிறது, பலகையில் 3–3. நடுவரோ ஒரு பிள்ளையின் கையை மட்டும் உயர்த்துகிறார்.

"ரெண்டு பேருக்கும் மூண்டு மூண்டுதானே, பிறகென்ன வெற்றி?" என்று தகப்பன் கேட்பார். "எங்கட பிள்ளை கறுப்பெண்டபடியால்தான்" என்று இன்னொருவர் சொல்லுவார். இந்த நாட்டில் பாகுபாடே இல்லை என்று எழுத நான் வரவில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பு விதிப்புத்தகத்தில் உள்ளது. தகப்பன் சொல்வதைப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறது; அது நம்பிவிட்டால் அடுத்த கிழமை பயிற்சிக்குப் போக மனம் வராது. அதனால் பெற்றோர் விதியை அறிந்திருப்பது நல்லது.

மல்யுத்தத்தில் இப்போது சமநிலை என்ற முடிவு கிடையாது. முன்பு இருந்தது. 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் அல்கிறென், போலிங் என்ற இருவர் ஒன்பது மணித்தியாலம் மல்லுக்கட்டியும் முடிவு வரவில்லை. இருவருக்கும் வெள்ளிப் பதக்கத்தைக் கொடுத்தார்கள், தங்கம் எவருக்கும் இல்லை. பிறகு ஒரு காலம், 2012 லண்டன் ஒலிம்பிக் வரையில், ஒரு சுற்று 0–0 என்று முடிந்தால் குலுக்கல் போட்டார்கள். அதில் வென்றவர் மற்றவரின் காலைப் பிடித்தபடி தொடங்கலாம். இது விளையாட்டா, லொத்தரா என்று பலர் சிரித்தார்கள். 2013இல் மல்யுத்தத்தை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கும் பேச்சு எழுந்தபோது விதிகளை மாற்றினார்கள், குலுக்கலும் போய்விட்டது.

இன்று புள்ளிகள் சமமானால் முதலில் பார்ப்பது, யார் ஒரே பிடியில் கூடிய புள்ளி எடுத்தார் என்பதை. எதிராளியைக் கீழே வீழ்த்திக் கட்டுப்படுத்தினால் 2 புள்ளி, வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1 புள்ளி. ஆகவே 2–2 என்ற கணக்கில், ஒரே வீழ்த்தலில் 2 எடுத்த பிள்ளை, இருமுறை தள்ளி 1, 1 என்று சேர்த்த பிள்ளையை வெல்லும். அதிலும் சமம் என்றால் குறைந்த எச்சரிக்கை வாங்கியவர் வெல்வார். அதுவும் சமமென்றால் கடைசியாகப் புள்ளி எடுத்தவர்.

பலர் குழம்புவது இந்தக் கடைசி விதியில்தான். கடைசியாகப் புள்ளி எடுத்தவரே எப்போதும் வெல்வார் என்று நினைத்துவிடுகிறார்கள். ரோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆவணியில், இந்தியாவின் பஜ்ரங் பூனியாவும் கிர்கிஸ்தானின் அக்மதலியேவும் 3–3 என்று முடித்தார்கள். கடைசிப் புள்ளிகள் கிர்கிஸ்தான்காரருடையவை. ஆனால் அவர் ஒவ்வொன்றாக எடுத்திருந்தார், பஜ்ரங்கிடம் ஒரு 2 புள்ளி வீழ்த்தல் இருந்தது. பஜ்ரங் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது. (அதே ஒலிம்பிக்கில் ஜேர்மனிக்குத் தங்கம் வென்ற அலீனே ரொட்டர்-ஃபொக்கன், எங்கள் சனம் பலர் வாழும் பகுதியான கிறேபெல்டில் பிறந்தவர்.)

பிள்ளைகள் போட்டியில் இன்னொரு சிக்கலும் வரும். ஒரு எடைப் பிரிவில் ஆட்கள் குறைவென்றால் எல்லோரும் எல்லோருடனும் மோதுவார்கள். இருவர் சமமான வெற்றிகளோடு நின்றால், அவர்கள் தமக்குள் மோதியதில் வென்றவர் முன்னுக்கு வருவார். மூவர் சமமென்றால் கணக்கு வேறு. உலகச் சம்மேளன விதிப்படி, தோள்கள் இரண்டையும் பாயில் அழுத்தி வென்றால் தரவரிசைப் புள்ளி 5. சாதாரணமாகப் புள்ளியில் வென்றால் 3. புள்ளியில் தோற்றவர் ஒரு புள்ளியாவது எடுத்திருந்தால் அவருக்கும் 1 உண்டு.

மூன்று பிள்ளைகள் என்று வையுங்கள். முதலாமவன் இரண்டாமவனை அழுத்தி வெல்கிறான். இரண்டாமவன் மூன்றாமவனைப் புள்ளியில் வெல்கிறான். மூன்றாமவன் முதலாமவனைப் புள்ளியில் வெல்கிறான். தோற்றபோது தோள் அழுத்தப்படாத இருவரும் ஒவ்வொரு புள்ளி எடுத்திருந்தால், முதலாமவனுக்கு 6, மூன்றாமவனுக்கு 4, இரண்டாமவனுக்கு 3. ஆளுக்கொரு வெற்றிதான், பதக்கம் மட்டும் மூன்று நிறம். 6–1 என்று பின்னால் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "காணும், விடு" என்று சத்தம் போடாதீர்கள். அந்த 1 பின்னேரம் வேலைக்கு வரும்.

சிறு வயதுப் பிரிவுகளுக்கு ஒவ்வொரு கழகமும் சில மாற்றங்கள் வைக்கலாம். அவை 'அவுஸ்ஷ்ரைபுங்' என்னும் போட்டி அறிவித்தலில் இருக்கும். ஜேர்மன் விளங்காவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். முடிவில் சந்தேகமிருந்தால் நடுவர் மேசைக்கு நேரே போகாமல் பயிற்சியாளரிடம் கேளுங்கள். அங்கே போய்ப் பேச வேண்டியவர் அவர்தான்.