பாலத்தைக் கடப்பது யார் முடிவு?

குளிர் நாடுகளில் பனிப்புயல் வீசும் மாலையில் பணி முடிந்து வீடு திரும்புவது பெரும் சோதனை. நமக்குப் பனி இல்லை. வடகிழக்குப் பருவமழை உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ராமநாதபுரம், ராமேசுவரம் கடலோரத்தில் அந்தச் சோதனை புயலாகவும் பெருமழையாகவும் வருகிறது.

ராமேசுவரம் தீவில் பணிபுரிந்து மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம் திரும்புவோரும், அங்கிருந்து தீவுக்குத் திரும்புவோரும் சாலை வழியே செல்ல ஒரே ஒரு பாலம்தான் இருக்கிறது. 1988 அக்டோபர் 2-இல் திறக்கப்பட்ட அப்பாலம், சுமார் 2.3 கி.மீ. தூரம் கடலின் மீது செல்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால், வாகனத்தின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். அதுவரை மரங்கள், கட்டடங்களின் மறைவில் வந்த இருசக்கர வாகனம், பாலத்தில் ஏறிய கணமே முழுக் காற்றையும் பக்கவாட்டில் எதிர்கொள்கிறது. டிசம்பரில் மாலை 6 மணியளவிலேயே இருட்டத் தொடங்கியும் விடுகிறது.

இத்தகைய நாளில், 'போகலாமா, கூடாதா?' என்பதை முடிவு செய்வது யார்? கடலில் இதற்கு விடை உண்டு. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. மீன்வளத் துறை டோக்கன் வழங்குவதை நிறுத்துகிறது. விசைப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன. ரயிலிலும் விடை உண்டு. பழைய பாம்பன் பாலம் பயன்பாட்டில் இருந்தபோது, காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் காற்றின் வேகம் கண்காணிக்கப்படுகிறது. ஓட்டுநரின் துணிச்சலுக்கு அங்கே வேலையில்லை.

அத்துணிச்சலின் விலை இப்பகுதிக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பயணிகள் ரயில், சிக்னல் கிடைக்காமல் சற்று நின்று, பின்னர் இருளில் நகர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. பேரலை அதை விழுங்கியது. பயணிகளில் எவரும் பிழைக்கவில்லை.

சாலையில் மட்டும் இம்முடிவு பெரும்பாலும் தனிமனிதரிடமே விடப்படுகிறது. பொருளியல் நோக்கில் இது தவறான ஏற்பாடு. சீக்கிரம் புறப்பட்டால் கூலியோ விடுப்போ போகும். அந்த இழப்பு உறுதியானது, உடனடியானது. விபத்தோ நிகழலாம், நிகழாமலும் போகலாம். எனவே தினக்கூலி பெறும் கடைப் பணியாளர் கடைசி நிமிடம் வரை காத்திருப்பதை அறியாமை எனச் சொல்ல முடியாது. பணியாளரை எப்போது அனுப்புவது என்று தீர்மானிப்பவர் முதலாளி. ஆபத்தைச் சுமப்பவர் பணியாளர்.

முன்கூட்டியே அறிவிக்கும் விடுமுறை ஓரளவு உதவுகிறது. 2020 டிசம்பர் 4-இல் புரெவி புயலுக்காக ராமநாதபுரம் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் பொது விடுமுறை விடப்பட்டது. ஆனால், 2024 நவம்பர் 20, புதன்கிழமை, ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் மட்டும் சுமார் 19 செ.மீ. பெய்தது. இத்தகைய மேகவெடிப்பை முந்தைய நாளே கணித்து விடுமுறை விடுவது கடினம். அன்று முடிவு பணி நேரத்துக்கு நடுவில்தான் எடுக்கப்பட வேண்டும்.

அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 2014 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் சில அங்குலப் பனிதான் விழுந்தது. அலுவலகங்களும் பள்ளிகளும் ஒரே நேரத்தில் மூடப்பட, அனைவரும் சாலைக்கு வந்தனர். போக்குவரத்து முடங்கி, பலர் வாகனங்களிலும் மாணவர்கள் பள்ளிகளிலும் இரவைக் கழித்தனர். ஒவ்வொருவரும் எடுத்தது சரியான முடிவு. கூட்டு விளைவோ முடக்கம்.

ஆகவே, சாலைப் பாலத்துக்கும் காற்றின் வேக வரம்பு வகுத்து, அதைத் தாண்டியதும் இரு முனைகளிலும் வாகனங்களை, குறிப்பாக இருசக்கர வாகனங்களை, நிறுத்த வேண்டும். நிறுத்தப்படுவோர் தங்க மண்டபத்திலும் பாம்பனிலும் இடம் வேண்டும். மழை வலுக்கும்போது, பாலத்தைக் கடக்க வேண்டியவர்களை முதலிலும் அருகில் வசிப்போரைப் பின்னரும் என, நிறுவனங்கள் பகுதி பகுதியாக அனுப்ப வேண்டும். அன்றைய ஊதியம் பிடிக்கப்படாது என்ற உறுதியும் தேவை. அது இல்லாமல் மற்றவை செயல்படா.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. மீனவருக்கும் ரயில் பயணிக்கும் நாம் ஏற்கெனவே அளித்துள்ள பாதுகாப்பைப் பணிமுடிந்து வீடு திரும்புவோருக்கும் நீட்டிப்பதுதான் இது. அடுத்த பருவமழைக்கு முன்பாகவே மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்கலாம்.