புதுச்சேரி துட்டு

புதுச்சேரி துட்டு என்பது பிரெஞ்சு இந்தியாவில் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வழங்கிய செப்புக் காசு ஆகும். பிரெஞ்சுக்காரர் இதனைத் 'தூதூ' என்று அழைத்தனர். இதன் முகப்பில் பிரெஞ்சு அரசமரபின் அல்லிமலர்ச் சின்னமும் மறுபுறத்தில் புதுச்சேரி என்னும் ஊர்ப்பெயர் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கும். காரைக்காலின் பெயர் தாங்கிய காசுகளும் உள்ளன. 1830 புரட்சிக்குப் பின், 1836இல் வெளியான காசில் அல்லிமலரின் இடத்தைச் சேவல் பெற்றது.

அடையாளம் காணல்

காசின் பரப்பை விட அச்சு பெரிதாக இருந்ததால் எழுத்துகள் பெரும்பாலும் முழுமையாக விழவில்லை. அக்கால எழுத்தில் புள்ளி இடும் வழக்கமும் அரிது. தேய்ந்த அல்லிமலர் திரிசூலம் போலத் தோன்றக்கூடும் என்பதால், எஞ்சிய ஓரிரு எழுத்துகளே உறுதியான சான்றாகின்றன.

ஒளிப்படம் எடுத்தல்

நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து புலப்படாது. ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாக விழச் செய்தால் மேடுகளின் நிழல் எழுத்தைக் காட்டும். ஒளியின் திசைக்கு இணையான கோடுகள் மறைந்துவிடும். ஆகவே காசை அசைக்காமல், விளக்கை வேறு திசைக்கு மாற்றி இரண்டாவது படமும் எடுக்கப்படுகிறது. அளவுகோலை அருகில் வைப்பதும் எடையைக் குறிப்பதும் அவசியம்.

செப்புப் பாத்திரம் போலப் புளியிட்டுத் தேய்ப்பதால் காசு பளபளக்கும். ஆயினும் மேற்படலத்துடன் எஞ்சிய எழுத்தும் அழியும். அதன்பின் எப்படமும் உதவாது.